கத்தி மழுங்கிப்போச்சு, கேட் பூட்டியிருக்கு

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெரு வழியாக உஸ்மான் ரோட்டை எட்டுவதற்குள் (கூட்டம் வழி விட்டால்!) ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய புடவை, பாத்திரம், பெட்டி எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். சமையலறைக் கத்தியும் அப்படித்தான். பச்சை, சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக் கைப்பிடி போட்டுக் கொத்துக் கொத்தாகக் குவித்து வைத்திருப்பார்கள். பேரம் பேசுவதற்குக்கூட அவசியமில்லாத விலை.

அந்தக் கத்தி நான்கு மாதத்தில் மழுங்கிப்போகும். அப்போது அதே கடைக்குப் போய், "இதைக் கூர் பண்ணித் தருவீங்களா?" என்று யாராவது கேட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். "புதுசு எடுத்துக்கோங்க சார், இதுக்கெல்லாம் போயி..." என்பார்.

தி.நகரில் வாங்குவது சுலபம், வாங்கியதைப் பேணுவதுதான் கஷ்டம். கத்தி அதற்கு ஒரு சின்ன உதாரணம். ஆனால் கையை வெட்டக்கூடிய உதாரணம்.

"கத்தி, அருவாமனை, கத்திரிக்கோல் சாணை பிடிக்கிறதேய்..." என்ற குரல் ஒரு காலத்தில் பர்கிட் ரோடு பக்கத்துத் தெருக்களிலும் மேற்கு மாம்பலத்திலும் சாதாரணமாகக் கேட்கும். முதலில் தோளில் சுமந்து வந்த மரச்சட்டம். காலால் மிதித்தால் வார் இழுத்துக் கல் சுற்றும். அப்புறம் சைக்கிள் வந்தது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சீட்டில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தால் முன்னால் பொருத்திய கல் சுழலும். வண்டி ஓர் அங்குலம்கூட நகராது, ஆனால் பொறி பறக்கும். தெருப் பிள்ளைகளுக்கு அது இலவச மத்தாப்பு! இப்போது சிலர் சின்ன மோட்டாரை வண்டியிலேயே கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

வருகிறார்கள்தான். ஆனால் யாரிடம் போவது? தனி வீடுகளாக இருந்த தெருக்களில் வரிசையாக அடுக்குமாடிகள். வாசலில் வாட்ச்மேன். கேட்டில் 'விற்பனையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை. மூன்றாவது மாடியில் ஏ.சி. போட்டு ஜன்னலைச் சாத்தியிருக்கும் வீட்டுக்கு அந்தக் குரல் எட்டவே எட்டாது. எட்டினாலும், கத்தியை எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கி வருவதற்குள் ஆள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.

இதனால் என்ன குடி முழுகிப்போச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

மழுங்கிய கத்தி பாதுகாப்பானது என்று ஒரு நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. "பசங்க இருக்கற வீடு, கூரா இருந்தா ஆபத்து" என்று பாட்டிகள் சொல்வார்கள். உண்மை தலைகீழ். கூரான கத்தி தக்காளித் தோலில் பட்டதும் இறங்கிவிடும். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டும். அழுத்தும்போது அது தோலில் வழுக்கும், வழுக்கினால் அத்தனை அழுத்தமும் இடது கை விரலில் போய் இறங்கும். வெங்காயம், தக்காளி, எலுமிச்சை மூன்றுமே வழுக்கும் தோல்காரர்கள். வாழைத்தண்டு, கருணைக்கிழங்கு கேட்கவே வேண்டாம். கத்தி எங்கே போகும் என்று வெட்டுகிறவருக்குத் தெரிவதுதான் பாதுகாப்பு. மழுங்கிய கத்தி எங்கே போகும் என்று அதற்கே தெரியாது.

சரி, கூர் என்றால் என்ன? இரண்டு சரிவான பக்கங்கள் சந்திக்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு கூர். அது கெட்டுப்போவது இரண்டு விதமாக. ஒன்று, அந்த மெல்லிய விளிம்பு ஒரு பக்கமாக மடங்கிக்கொள்வது. இரண்டு, விளிம்பே தேய்ந்து உருண்டை ஆகிவிடுவது. மடங்கியதை நிமிர்த்தினால் போதும். தேய்ந்ததைத் தேய்த்துத்தான் மறுபடி உருவாக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கத்தி விஷயத்தில் பாதிச் சண்டைகள் வருகின்றன. அதற்கு அப்புறம் வருவோம்.

கத்தியைக் கெடுப்பது காய்கறி இல்லை, நம்மூர் சமையல் மேடை! கிரானைட் மேடையிலேயே வைத்து நறுக்குகிறவர்கள் ஏராளம். கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது கத்தி எஃகைவிடக் கடினமானது. ஒவ்வொரு வெட்டுக்கும் விளிம்பு போய்க் கல்லில் மோதுகிறது. எவர்சில்வர் தட்டில் வைத்து நறுக்குவதும் நல்லதில்லை. ஒரு மரப்பலகை போதும். நறுக்கி முடித்ததும் மற்ற பாத்திரங்களோடு சிங்க்கில் போடுவது அடுத்த கொடுமை. இரும்பு அரிவாள்மனையாக இருந்தால் எலுமிச்சையும் மாங்காயும் பட்ட ஈரத்தோடு விட்டாலே விளிம்பு அரித்துவிடும். துடைத்து வைக்கிற பழக்கம் பாட்டிகளிடம் இருந்தது. (கூர் பற்றி அவர்கள் சொன்னது தப்பு, துடைப்பது பற்றிச் சொன்னது சரி.)

எவர்சில்வர் என்றதும் ஒரு கிளைக்கதை. துருப்பிடிக்காத எஃகை 1913ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவாக்கியவர் ஹாரி பிரியர்லி. துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் அரித்துப்போகிறதே என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். அந்த எஃகில் கத்தி செய்யச் சொன்னபோது, ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் அவரை 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று கிண்டல் செய்தார்களாம். பின்னால் அந்த எஃகு உலகத்தையே பிடித்தது. ஆனால் தெருவோரக் கூடைக் கத்தியைப் பார்த்தால் ஷெஃபீல்டுக்காரர்கள் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது என்றுதான் தோன்றும். மலிவான மெல்லிய தகட்டில் கடினம் போதாது. விளிம்பு சீக்கிரம் மடங்கிவிடும்.

இப்போது சாணைக்கல். எஃகைத் தேய்க்க எஃகைவிடக் கடினமான ஒன்று வேண்டும். ஆங்கிலத்தில் கொரண்டம் என்கிறார்களே ஒரு கனிமம், அந்தப் பெயர் தமிழின் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. வைரத்துக்கு அடுத்த கடினம் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும் மோஸ் அளவில் அதற்கு 9. சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் கிடைப்பது. அதைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சக்கரமாக வார்த்துத்தான் பழைய சாணைகளைச் செய்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் மாணிக்கமும் நீலமும் அதே கனிமம்தான், நிறம்தான் வேறு. உஸ்மான் ரோடு நகைக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கேரட் கணக்கில் விற்கும் அதே சங்கதி, வெளியே வெயிலில் அரிவாள்மனையைத் தேய்த்துக்கொண்டிருந்தது!

பிறகு தொழிற்சாலைக் கற்கள் வந்தன. சிலிக்கன் கார்பைடு என்பதை அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் 1891ல் செய்து கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். சென்னைக்காரர்களுக்கு அந்தப் பெயர் பழக்கம். முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் 1954ல் தொடங்கியது, திருவொற்றியூரில் அதற்கு ஆலை உண்டு. ஆக, குருந்தம் என்ற பெயரைக் கொடுத்ததும் இந்த நிலம், சாணைக்கல்லை ஆலையில் செய்வதும் இந்த ஊர். சாணை பிடிக்க மட்டும் இடம் இல்லை.

சாணைக்காரர் மேல் வீட்டுக்காரர்களுக்கு ஒரு பழைய புகார் உண்டு. "அவர் கல்லுல வெச்சா கத்தி பாதியாப் போயிடும்பா!" இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. வேகமாகச் சுற்றும் முரட்டுக்கல் எஃகை நிறையவே தின்னும். பறக்கிற பொறி ஒவ்வொன்றும் அந்தக் கத்தியிலிருந்து போன துணுக்குதான். அதைவிட முக்கியம் சூடு. கத்தியை உறுதியாக்குவது அதற்குச் செய்த வெப்பப் பக்குவம். மெல்லிய விளிம்பைக் கல்லில் அழுத்திப் பிடித்தால் சூடு ஏறி முதலில் வைக்கோல் நிறம், பிறகு நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகு இளகிவிட்டது என்று அர்த்தம். எத்தனை கூராக்கினாலும் அங்கே கூர் நிற்காது. அதனால்தான் தொழில் தெரிந்த சாணைக்காரர் பக்கத்தில் ஒரு டப்பாவில் தண்ணீர் வைத்திருப்பார். அழுத்தாமல், நிறுத்தாமல், இழுத்துக்கொண்டே போவார். அடிக்கடி நனைப்பார். பொறியைப் பார்த்தே இரும்பு எந்த ரகம் என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. பழைய கரி எஃகுப் பொறி பூப்போலக் கிளைத்து வெடிக்கும், எவர்சில்வர் பொறி குட்டையாகச் சிவந்து அடங்கும். இது எந்தப் பாலிடெக்னிக்கிலும் படித்து வந்ததில்லை.

கத்திரிக்கோலில்தான் கைத்திறமை தெரியும். தி.நகரில் அது சின்ன விஷயமில்லை. பட்டுப்புடவை விற்கும் ஊரில் ரவிக்கை தைக்கவும் ஃபால்ஸ் அடிக்கவும் எத்தனை தையல்காரர்கள்! கத்திரியின் இரண்டு அலகும் உட்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும், விளிம்பில் மட்டும் உரசிக்கொண்டு போகும். தெரியாதவர் உட்பக்கத்தைக் கல்லில் வைத்துத் தேய்த்தால் கத்திரி அன்றோடு முடிந்தது. துணியை வெட்டாது, மெல்லும். தெரிந்தவர் வெளிச்சரிவை மட்டும் அதே கோணத்தில் பிடித்து, திருகை முடுக்கி, துண்டுத் துணியை வெட்டிக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குவார். நுனி வரைக்கும் வெட்டுகிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே புகாருக்குப் பதில், மடங்கியதற்குச் சாணை வேண்டாம், தேய்ந்ததற்கு வேண்டும் என்பதுதான். வாராவாரம் கத்தியைச் சாணைக்காரரிடம் நீட்டினால் அது பாதியாகத்தான் போகும், தப்பு அவருடையது இல்லை. விளிம்பை நிமிர்த்துவது வீட்டு வேலை. ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் மெருகு இல்லாத சொரசொரப்பான வளையம் தெரியும். அதில் கத்தியை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அழுத்தாமல் ஐந்தாறு முறை இழுத்தால் போதும். (டபரா டம்ளர் இதற்கு உதவாது, மன்னிக்கவும்.) கோணம்தான் எல்லாருக்கும் பயம். ஒரு காகிதத்தின் மூலை 90 டிகிரி. அதை இரண்டாக மடித்தால் 45, இன்னொரு தரம் மடித்தால் இருபத்திரண்டரை. அந்த மூலையைக் கல்லின் மேல் நிறுத்திக் கத்தியை அதன் மேல் சாய்த்துப் பார்த்துக்கொண்டால் கை பழகிவிடும். அதற்குக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிப்பது சமையல் கத்திக்கு ஏற்றது. ஒரே கோணத்தில் கடைசி வரை பிடிப்பதுதான் சூட்சுமம், எத்தனை டிகிரி என்பது இரண்டாம் பட்சம்.

மிக்ஸியில் கல் உப்பைப் போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்று ஒரு வீட்டுக்குறிப்பு ஊரெல்லாம் சுற்றுகிறது. உப்பு எஃகைவிட எவ்வளவோ மென்மையானது. ஜாடி சுத்தமாகலாம், பிளேடு கூராகாது. பாண்டி பஜார் பக்கம் விற்கும் 'வி' வடிவப் பள்ளத்தில் கத்தியை இழுக்கும் கருவியும் அவசரத்துக்குத்தான். அது விளிம்பைச் சுரண்டி எடுக்கிறது. இரண்டு நாள் பிரமாதமாக வெட்டும், அப்புறம் பழைய கதை.

பல வீடுகளில் ஷோகேஸுக்குள் ஒரு சிவப்பு மடக்குக் கத்தி தூங்கும். வெளிநாட்டுச் சித்தப்பாவோ அத்தையோ கொண்டுவந்து கொடுத்தது. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்ஸெனர் 1884ல் தொடங்கிய பட்டறையின் வழிவந்த விக்டோரினாக்ஸ் கத்தி. ராணுவச் சிப்பாய்க்காகச் செய்த கத்திக்குப் பிறகு, 1897ல் பதிவானது இந்தப் பல அலகுக் கத்தி. உழைப்பதற்காகச் செய்த சாமான் இங்கே அலங்காரப் பொருளாகிவிட்டது. கடைசியில் ஒரு நாள் பார்சல் பிரிக்க எடுத்தால் டேப்பைக்கூட வெட்டாது. இந்த மாதிரிச் சின்ன அலகைச் சாணைச் சக்கரத்தில் வைக்கவே கூடாது. நுனி ஒரு நொடியில் நீலம் பாய்ந்துவிடும். நனைத்த தட்டைக்கல்லில் கையால், பக்கத்துக்கு 20 டிகிரி அளவில், மெதுவாகத் தேய்த்தால் போதும். இந்தப் பக்கம் தேய்க்கும்போது அந்தப் பக்கம் விரலில் ஒரு பிசிறு தட்டுப்படும். அது நுனி முதல் அடி வரை தட்டுப்பட்டால் அந்தப் பக்கத்து வேலை முடிந்தது என்று அடையாளம். அப்புறம் மறுபக்கம். கடைசியில் பிசிறைப் பழைய தோல் பெல்ட்டில் பின்பக்கமாக இழுத்து எடுத்துவிட வேண்டும். முடிதிருத்தும் கடையில் ரேசர் பிளேடுகள் வருமுன் சவரக்கத்தியைத் தோல்வாரில் இப்படியும் அப்படியும் தட்டினார்களே, அதே வேலை.

(இணையத்தில் வேட்டைக் கத்தி வாங்கும் ஆசையில் இருக்கும் நண்பர்களுக்கு: இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்தபிறகு பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சே இல்லை. அந்தக் கத்தியும் கடைசியில் தேங்காய் நார்தான் உரிக்கும். அதற்கு அரிவாள் போதும்.)

ஆயுத பூஜை அன்று பாருங்கள். கத்தி, அரிவாள்மனை, கத்திரிக்கோல் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்குவோம். வருஷத்துக்கு ஒரு நாள் மரியாதை. அதற்கு முந்தைய வாரம் அவற்றுக்கு ஒரு தடவை சாணை பிடிக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றுகிறதா? தோன்றினாலும் கேட் பூட்டியிருக்கிறது.

கேட்டை ஏன் பூட்டுகிறார்கள் என்றால் பாதுகாப்பு என்பார்கள். அடுக்குமாடியில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், யார் என்றே தெரியாதவரைக் கத்தியும் கையுமாக உள்ளே எப்படி விடுவது? பயம் பொய்யில்லை. ஆனால் அதே கேட்டில் சாப்பாடும் பார்சலும் கொண்டுவரும் பையன்கள் நாளைக்கு இருபது பேர் போய் வருகிறார்கள். அவர்கள் பேரை நோட்டில் எழுத வாட்ச்மேனுக்கு நேரம் இருக்கிறது. சாணைக்காரர் மாடி ஏறவும் வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்தும் இடத்தில், காலை பத்து முதல் பன்னிரண்டு வரை என்று சங்கம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும். முப்பது வீட்டுக் கத்தியும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அவருக்கும் ஒரு நாள் கூலி உறுதி. இன்றைக்கு அவர் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போவதில் பாதி நாள் வீணாகிறது. அந்த வீண் உழைப்பையும் சேர்த்துத்தானே ஒரு கத்திக்குக் கூலி கேட்கிறார்? "என்னப்பா, புதுசே இந்த விலைக்கு வருமே!" என்று மாமி பேரம் பேசுவதும், "கல்லு தேயுதேம்மா, அது காசில்லையா?" என்று அவர் பதில் சொல்வதும் இதனால்தான். ஒரே இடத்தில் முப்பது கத்தி என்றால் பேரமும் குறையும்.

இதைத் தர்மம் மாதிரி நினைக்க வேண்டாம். 2014ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், பொருள் விற்பவரை மட்டும் தெரு வியாபாரி என்று சொல்லவில்லை. பொதுமக்களுக்குச் சேவை தருகிறவரையும், ஓரிடத்தில் நிற்காமல் சுற்றி வருகிறவரையும் அதில் சேர்த்திருக்கிறது. சாணைக்காரர் இரண்டும்தான். ஆனால் தி.நகரில் தெரு வியாபாரம் என்று பேச்சு வந்தால் எல்லார் மனசிலும் வருவது நடைபாதைக் கடைதான். பாண்டி பஜார் நடைபாதைக்காரர்களுக்கு 2013ல் மாடிக் கட்டடத்தில் இடம் கொடுத்தார்கள். 2019 நவம்பரில் அங்கே நடைபாதை வளாகமும் திறந்தார்கள். அது சரியா தப்பா என்று தனியாகச் சண்டை போடலாம். கடை வைத்தவருக்காவது கேட்க ஓர் இடம் இருக்கிறது. சைக்கிளே கடையாக இருக்கிறவருக்கு எந்த மாடியில் இடம் ஒதுக்குவது? அவருக்கு வேண்டியது இடம்கூட இல்லை, வழி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொறி பறக்கும் கல்லுக்கு அரை அடி தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணுக்கு ஒரு கண்ணாடிகூட இல்லாமல்தான் பலர் இந்த வேலையைச் செய்கிறார்கள். இரும்புத் தூளோ கல்துணுக்கோ தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஒரு பாதுகாப்புக் கண்ணாடி பெரிய விலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குக் கூப்பிடுகிற சங்கமே ஒன்று வாங்கி வாட்ச்மேன் அறையில் வைத்திருக்கலாம்.

ஐப்பசியோ புரட்டாசியோ, ஆயுத பூஜை எந்த மாதம் வந்தாலும் அதற்கு முந்தைய ஞாயிறு இதற்குப் பொருத்தமான நாள். கேட் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அந்தந்த அடுக்குமாடிச் செயலாளருக்குத் தெரியும்.